கைக்குழந்தைகளுக்கான வீட்டுத் தையல்

கைக்குழந்தைகளுக்கான வீட்டுத் தையல் என்பது, பிறந்தது முதல் ஏறத்தாழ ஒன்றரை வயது வரையிலான குழந்தைகள் பயன்படுத்தும் துணிப் பொம்மை, துணிப் பந்து, கிலுகிலுப்பை, துணிப் புத்தகம், அணையாடை, கையுறை, பிப் எனப்படும் எச்சில் துணி முதலியவற்றை வீட்டிலேயே கையாலோ தையல் இயந்திரத்தாலோ தைத்துக்கொள்ளும் கைவினை ஆகும். இதற்குத் தேவைப்படும் தையற் பயிற்சி மிகவும் குறைவு. ஓட்டுத் தையலும் கெட்டித் தையலும் அறிந்த ஒருவர் இவற்றுள் பெரும்பாலானவற்றைச் செய்துவிட முடியும். ஆனால் வளர்ந்த பிள்ளைகளுக்கான பொம்மையைக் காட்டிலும் இவற்றில் கண்டிப்பு கூடுதலாகத் தேவை. கைக்குழந்தை எந்தப் பொருளையும் வாயில் வைக்கும், பிடித்து இழுக்கும், அதன்மேல் முகத்தைப் புதைக்கும். துணி, நூல், அடைக்கும் பஞ்சு, அலங்காரம் ஆகியவற்றைத் தெரிவு செய்வதற்கான விதிகள் ஏறக்குறைய எல்லாமே இம்மூன்று செயல்களிலிருந்து பிறந்தவை.

வரலாறு

துணி எளிதில் மட்கும் பொருள் ஆதலால் பழங்காலத் துணிப் பொம்மைகள் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. உரோமானியர் ஆட்சிக்கால எகிப்தைச் சேர்ந்த ஒரு பொம்மை பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. கி.பி. 1 முதல் 5 வரையான நூற்றாண்டுகளுக்கு உரியதாகக் கருதப்படும் இது, முரட்டு லினன் துணியால் தைக்கப்பட்டு, உள்ளே கந்தல் துணியும் பாப்பிரசுத் துண்டுகளும் அடைக்கப்பட்டது. எகிப்தின் வறண்ட மணலே இதனைக் காத்தது.

வங்காளத்தில் பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஓட்டுத் தையலால் இணைத்துச் செய்யப்படும் காந்தா என்னும் விரிப்பு, குழந்தைகளைச் சுற்றிப் போர்த்தவும் படுக்க வைக்கவும் பயன்பட்டு வருகிறது. பழைய சேலையின் கரையிலிருந்து உருவிய நூலாலேயே அதனைத் தைப்பதும் வழக்கமாக இருந்தது. தமிழர் வீடுகளிலும் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணியைத் தவிர்த்து, பலமுறை துவைத்து மென்மையான பழைய பருத்தித் துணியை உடுத்தும் வழக்கம் பரவலாக உள்ளது. தூளி அல்லது ஏணை பழைய சேலையால் கட்டப்படுவது. அது தைக்கப்படுவதன்று, முடிச்சிடப்படுவது. தமிழரின் மரபுவழிக் குழந்தைப் பொம்மைகளாகப் பெயர்பெற்ற மரப்பாச்சி, நடைவண்டி, பனையோலைக் கிலுகிலுப்பை ஆகியவை மரத்தாலும் ஓலையாலும் ஆனவை.

இன்று உலகெங்கும் அறியப்படும் அடைத்த துணிப் பொம்மையின் தொழில் வரலாறு வீட்டுத் தையலிலிருந்தே தொடங்குகிறது. செருமனியின் கீங்கன் நகரைச் சேர்ந்த மார்கரெட் இசுடைஃப் (1847–1909) சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் தாக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தையல் தொழில் செய்தவர். ஆடையணி இதழொன்றில் 1879 இல் வெளிவந்த மாதிரியைக் கொண்டு, 1880 இல் ஃபெல்ட் துணியால் சிறு யானைகளைத் தைத்தார். அவை குண்டூசி செருகி வைப்பதற்காகச் செய்யப்பட்டவை. ஆனால் குழந்தைகள் அவற்றைப் பொம்மைகளாக எடுத்துக்கொண்டனர். அவருடைய நிறுவனம் பின்னாளில் கரடிப் பொம்மைகளால் புகழ்பெற்றது.

கேத்தே குரூசு என்னும் செருமானியப் பெண்மணியின் கதையும் இத்தகையதே. 1905 இல் அவருடைய மகள் பொம்மை கேட்டபோது, சிற்பியான கணவர் மாக்சு குரூசு, கடைப் பொம்மைகள் பிடிக்காமையால் வாங்கித்தர மறுத்து, தானே செய்துகொள்ளுமாறு கூறினார். கேத்தே ஒரு துவாலையில் மணலை நிரப்பி, முனைகளை முடிச்சிட்டுக் கைகால்களாக்கி, ஓர் உருளைக்கிழங்கைத் தலையாக வைத்தார். பார்வைக்கு எளிமையான இப்பொம்மைக்கு உண்மையான குழந்தைக்குரிய கனமும் தொய்வும் இருந்தன. 1910 இல் பெர்லினில் நடைபெற்ற வீட்டில் செய்த பொம்மைகளின் கண்காட்சியில் அவருடைய பொம்மைகள் பெயர்பெற்றதைத் தொடர்ந்து அது ஒரு தொழிலாக வளர்ந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் சானி குரூயெல் 1915 இல் காப்புரிமை பெற்ற ராகெடி ஆன் என்னும் கந்தல் பொம்மையும், இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு நகரில் நெய்யப்பட்ட சிவப்புக் குதிகால் கொண்ட காலுறைகளால் தைக்கப்படும் காலுறைக் குரங்கும் வீட்டுத் தையலில் பெரிதும் பின்பற்றப்பட்டவை. எனினும் இவ்விரண்டிற்கும் வழக்கமாகப் பொத்தான்களே கண்களாக வைக்கப்பட்டன. கைக்குழந்தைக்கு இவற்றைத் தைப்போர் பொத்தானை நீக்கிவிட்டு நூலால் கண்களைத் தைப்பதே முறையாகும்.

துணியும் நூலும்

நெருக்கமாக நெய்த பருத்தித் துணியே பொதுவாக ஏற்றது. பருத்தி ஃபிளானல், டர்க்கித் துண்டு, பின்னலாடைத் துணி ஆகியவையும் பயன்படுகின்றன. டர்க்கித் துண்டின் கண்ணிகள் உமிழ்நீரை நன்கு உறிஞ்சுவதால் அது எச்சில் துணிக்குப் பொருத்தமானது. ஆனால் கண்ணிகள் இழுபட்டு நீளும் மலிவான வகைகளைத் தவிர்க்க வேண்டும். பின்னலாடைத் துணி இழுபடும் தன்மை உடையது. அதில் அடைத்த பொம்மை நாளடைவில் பருத்து உருவிழக்கும். துளைகள் விரிந்து பஞ்சும் வெளிப்படலாம். நீளும் துணியில் பொம்மை செய்யும்போது உள்ளே நெய்த துணியால் ஒரு பையும் தைத்துக்கொள்வது வழக்கம்.

வெட்டுவதற்கு முன் துணியை ஒருமுறை துவைத்துக் காயவைத்தல் இன்றியமையாதது. பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். துவைக்காமல் தைத்தால் பின்னர் தையல் கோணிவிடும். புதுத்துணியில் உள்ள கஞ்சியும் பதனிடு பொருட்களும் இதனால் நீங்கும். சாயம் போகிறதா என்பதை அறிய, ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்க்கலாம். வெள்ளைத் துணியில் நிறம் ஒட்டினால் அத்துணி குழந்தையின் வாய்க்குப் போகும் பொருளுக்கு உதவாது. சரிகை, சமிக்கி, கண்ணாடிச் சில்லு வைத்த துணிகளும் விலக்கத்தக்கவை.

பழைய துணியைப் பயன்படுத்துவதில் ஒரு வேறுபாட்டைக் கருத்திற் கொள்ள வேண்டும். பலமுறை துவைத்த சேலையும் வேட்டியும் தோலுக்கு மென்மையானவை. ஆதலால் அணையாடைக்கும் விரிப்புக்கும் மிக நன்று. ஆனால் அதே தேய்மானத்தால் இழைகள் வலுவிழந்திருக்கும். அத்தகைய துணியைப் பொம்மையின் மேலுறையாக்கினால், தையல் பிரியாவிட்டாலும் தையலின் ஓரத்தில் துணியே கிழிந்து பஞ்சு வெளியாகும். துணியை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் நைந்த இடங்கள் தெரியும். இரு கைகளாலும் வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பதும் பயன்தரும். குறுக்கிழை, நெடுக்கிழை ஆகிய இரு திசைகளிலும் இழுத்துப் பார்த்தல் வேண்டும்.

தைப்பதற்குப் பாலியெசுட்டர் நூல், பருத்தி நூலைவிட வலுவானது. ஈரத்தாலும் எளிதில் மட்காது. கையால் தைக்கும்போது நூலை இரட்டையாகக் கோத்துக்கொள்வதுண்டு.

உள்ளே அடைக்கும் பொருள்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் தலையணைகளில் நெடுங்காலமாகப் பயன்பட்ட இலவம் பஞ்சு எடை குறைந்தது, நீரை எளிதில் ஏற்காதது. ஆயினும் அதன் நுண்ணிய இழைகள் சிறு துளை வழியாகவும் வெளியேறிப் பறக்கும். துவைத்தால் கட்டிகட்டியாகத் திரளும். எனவே அடிக்கடி துவைக்க வேண்டிய குழந்தைப் பொம்மைக்கு அது ஏற்றதன்று. பருத்திப் பஞ்சு எங்கும் கிடைப்பது, ஆனால் உலர நெடுநேரம் பிடிக்கும். உள்ளே ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். தலையணைக் கடைகளில் விற்கப்படும் பாலியெசுட்டர் இழைப்பஞ்சு துவைக்கவும் உலர்த்தவும் எளிது என்பதால் இன்று பெரிதும் பயன்படுத்தப்படுகிறது. வெட்டிய துணித்துண்டுகளையே அடைப்பதும் உண்டு. அவ்வாறு செய்தால் பொம்மை கனமாகவும் மேடுபள்ளமாகவும் அமையும்.

அரிசி, கேழ்வரகு, கடுகு, பயறு போன்ற தானியங்களும் பிளாசுட்டிக் மணிகளும் கனத்திற்காகச் சேர்க்கப்படுவதுண்டு. கைக்குழந்தைகளின் பொருட்களில் இவற்றைத் தவிர்ப்பதே நன்று. தையல் பிரிந்தால் அவை நேராக வாய்க்குச் செல்லும். தானியம் ஈரம்பட்டால் முளைக்கும், வண்டும் வைக்கும். வெட்டிய மெத்தை நுரைத் துண்டுகளும் இதே காரணத்தால் விலக்கத்தக்கவை.

தைக்கும் முறை

உருவத்தை முதலில் காகிதத்தில் வரைந்து வெட்டி, துணியை நல்ல பக்கம் உட்புறமாக மடித்து, அதன்மேல் காகித மாதிரியை வைத்துக் கோடிடுவர். கோடு தையலுக்கு உரியது. அதற்கு வெளியே முக்கால் சென்ரிமீட்டர் முதல் 1 சென்ரிமீட்டர் வரை துணி விட்டு வெட்ட வேண்டும். விளிம்பில் துணி மிகக் குறைவாக விடப்பட்டால், இழுக்கும்போது இழைகள் உருவித் தையலே நழுவிவிடும். வீட்டில் தைத்த பொம்மைகள் பிரிவதற்கு இது முதன்மையான காரணம்.

கண், மூக்கு, வாய் ஆகியவற்றை உருவத்தை இணைப்பதற்கு முன்பே, தட்டையான துணியில் தைத்துவிடுவது எளிது. அப்போது நூல்முடிச்சுகள் அனைத்தும் உட்புறத்தில் அமைந்துவிடும். பின்னர் இரு துண்டுகளையும் இணைக்கும் தையலை இயந்திரத்தில் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் நீளத் தையலாக இருமுறை ஓட்டுவது நல்லது. கையால் தைப்போர் ஓட்டுத் தையலை நம்பக்கூடாது. ஓட்டுத் தையலில் நூல் ஓரிடத்தில் அறுந்தால் வரிசை முழுவதும் உருவிக்கொண்டு வரும். ஒவ்வொரு தையலுக்கும் ஊசியை ஒரு படி பின்னே கொண்டுவந்து குத்தும் கெட்டித் தையலில், ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும்.

உருவத்தைப் புரட்டுவதற்கு 5 அல்லது 6 சென்ரிமீட்டர் நீளமுள்ள வாய் விட்டு, அது ஒரு நேரான பகுதியில் அமையுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். வளைவான இடங்களில் புரட்டும் முன் விளிம்புத் துணியில் சிறு வெட்டுகள் இடப்படும்; கழுத்து, அக்குள் போன்ற உள்வளைவுகளில் இவை இல்லாவிடின் துணி சுருக்கம் விழும். வெட்டு தையலுக்கு 2 மில்லிமீட்டர் முன்பே நிற்க வேண்டும். புரட்டிய பின் பென்சிலின் மழுங்கிய முனையால் மூலைகளைத் தள்ளி, பஞ்சைச் சிறுசிறு கொத்துகளாகக் கடைசி மூலையிலிருந்து தொடங்கி அடைப்பர். இறுதியில் வாயின் இரு விளிம்புகளையும் உள்ளே மடித்து, ஊசியை இந்த மடிப்பிலும் அந்த மடிப்பிலும் மாறிமாறி ஓட்டி இழுத்தால் நூல் வெளியே தெரியாமல் வாய் மூடிக்கொள்ளும். இவ்விடமே பொம்மையின் வலுக்குறைந்த பகுதி. இங்கும் நெருக்கமாகத் தைத்து, முடிச்சிட்டு, நூல் நுனியை உள்ளே செலுத்தி வெட்ட வேண்டும்.

தைக்கத் தொடங்கும்போது ஊசிகளையும் குண்டூசிகளையும் எண்ணி வைத்து, முடிக்கும்போது மீண்டும் எண்ணுவது இத்தொழிலில் தவிர்க்க முடியாத பழக்கம். பொம்மைத் தொழிற்சாலைகளில் உலோகம் காட்டும் கருவிகள் இதற்காகவே உள்ளன. வீட்டில் ஒரு வலுவான காந்தம் ஓரளவு உதவும்.

சில எளிய பொருட்கள்

துணிப் பந்து: ஆறு இலை வடிவத் துண்டுகளை இணைத்துச் செய்யப்படுவது. ஒவ்வோர் இலையின் நீளமும் பந்தின் சுற்றளவில் பாதி. நடுவில் அதன் அகலம் சுற்றளவில் ஆறில் ஒரு பங்கு. 30 சென்ரிமீட்டர் சுற்றளவுள்ள பந்துக்கு இலை 15 சென்ரிமீட்டர் நீளமும் நடுவில் 5 சென்ரிமீட்டர் அகலமும் உடையதாக இருக்கும். நுனியிலிருந்து 3.75 சென்ரிமீட்டர் தொலைவில் அகலம் ஏறத்தாழ 3.5 சென்ரிமீட்டர். இப்புள்ளிகளை வளைகோட்டால் இணைத்தால் மாதிரி கிடைத்துவிடும். தையலுக்கு விடும் துணி இதற்குப் புறம்பானது. ஏறத்தாழ 9.5 சென்ரிமீட்டர் விட்டமுள்ள இப்பந்து, பிடிப்பதற்குச் சற்றுப் பெரிதாகத் தோன்றினும், மென்மையாக அடைத்தால் குழந்தை துணியைக் கசக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆறு நுனிகளும் சந்திக்கும் இரு முனைகளிலும் துளை விழ வாய்ப்புண்டு; அங்கே வட்டத்துணி ஒன்றை வைத்துத் தைப்பர்.

துணிக் கட்டை: 11.5 சென்ரிமீட்டர் பக்கமுள்ள ஆறு சதுரங்கள் வேண்டும். முக்கால் சென்ரிமீட்டர் விளிம்பில் தைத்தால் 10 சென்ரிமீட்டர் கனசதுரம் அமையும். ஒவ்வொரு தையலையும் மூலைக்கு முக்கால் சென்ரிமீட்டர் முன்பே நிறுத்துவதில்தான் கட்டையின் மூலை கூர்மையாக வருவது தங்கியுள்ளது. பக்கத்திற்கு ஒரு வகைத் துணி வைத்தால், தொட்டு உணர்வதற்கு உரிய வேறுபாடு கிடைக்கும். பிறந்த குழந்தை 20 முதல் 30 சென்ரிமீட்டர் தொலைவில் உள்ளதையே ஓரளவு தெளிவாகக் காணும். மெல்லிய நிறங்களைவிடக் கறுப்பு வெள்ளைக் கோடுகளும் வட்டங்களும் அதன் கவனத்தை எளிதில் ஈர்க்கும். கடைகளில் குழந்தைப் பொருட்கள் வெளிர்நீலத்திலும் இளஞ்சிவப்பிலும் நிறைந்திருப்பது பெற்றோரின் சுவைக்காகவே எனலாம்.

முதற் பொம்மை: கை, கால், தலை அனைத்தும் ஒரே வெட்டாக அமைந்த உருவமே கைக்குழந்தைக்கு ஏற்றது. தனியாகத் தைத்து ஒட்டிய கைகால்கள் பார்வைக்கு அழகானவை, ஆனால் இழுபடும் இடங்கள் அவையே. 25 சென்ரிமீட்டர் உயரப் பொம்மைக்குக் கழுத்து 5 சென்ரிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் தலை தொய்வதில்லை. தலைமுடிக்குக் கம்பளி நூல் வைப்பதைத் தவிர்த்து, வேறு நிறத் துணியைத் தொப்பிபோல் இணைக்கலாம்.

கிலுகிலுப்பை: ஓசைக்காக வைக்கும் சிறு மணி, தையல் பிரிந்தால் மூச்சடைக்கும் பொருளாகிவிடும். எனவே மணியைத் திறக்க முடியாத சிறு கெட்டிப் பெட்டியில் இட்டு, அதனைத் தனித் துணிப்பையில் வைத்துத் தைத்து, அப்பையைப் பஞ்சின் நடுவே அமைக்க வேண்டும். நொறுக்குத்தீனி உறையின் தாளைச் சலசலப்புக்காக வைப்போரும் உளர். அத்தாள் வெளியே வந்தால் மூக்கிலும் வாயிலும் ஒட்டக்கூடியது. ஆதலால் அதன் நான்கு ஓரங்களும் இரு துணிகளுக்கு இடையே தையலில் அகப்பட்டிருக்க வேண்டும்.

எச்சில் துணி: மேலே டர்க்கித் துண்டும் கீழே நெய்த பருத்தியுமாக ஏறத்தாழ 20 சென்ரிமீட்டர் அகலத்தில் தைக்கப்படுவது. கழுத்தில் நாடாவால் முடிச்சிடுவதைவிட, இழுத்தால் தானே விடுபடும் வெல்க்ரோ பாதுகாப்பானது. வெல்க்ரோவின் முரட்டுப் பக்கம் குழந்தையின் கழுத்தை நோக்கி இருத்தலாகாது. உறங்க வைக்கும் முன் இதனைக் கழற்றிவிட வேண்டும்.

கையுறையும் காலுறையும்: பார்வைக்கு மிக எளிய பொருளான இதில் அறியாத தீங்கு ஒன்று உண்டு. உட்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் நூலிழை குழந்தையின் விரலைச் சுற்றிக்கொண்டால், குழந்தை கையை அசைக்க அசைக்க அது இறுகி இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். மருத்துவ நூல்களில் நன்கு பதிவான இந்நிலையில், நேரத்தில் கவனிக்கப்படாவிட்டால் விரலையே இழக்க நேரிடும். காரணமின்றி ஓயாது அழும் குழந்தையின் கைகால் விரல்களை மருத்துவர்கள் பார்ப்பது இதற்காகவே. கையுறையைத் தையல் வெளிப்புறம் தெரியுமாறு திருப்பி அணிவித்தல் எளிய தீர்வாகும். இரு அடுக்காகத் தைத்து விளிம்பை உள்ளே மறைப்பது இன்னும் நன்று.

பாதுகாப்பு

மூச்சடைப்பைத் தவிர்க்க, சிறு பகுதிகளை அளக்கும் உருளை ஒன்றை ஐக்கிய அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் வரையறுத்துள்ளது. அதன் விட்டம் 31.7 மில்லிமீட்டர், ஆழம் சாய்வாக 25.4 முதல் 57.1 மில்லிமீட்டர் வரை. எவ்வித அழுத்தமுமின்றி இதனுள் அடங்கிவிடும் பொருள் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு உகந்ததன்று. வீட்டில் இதற்குப் பதிலாகக் கழிவறைத் தாளின் அட்டைக் குழாயைப் பயன்படுத்துவர். அது சற்று அகலமானது என்பதால், அதனுள் புகாத பொருள் உருளையினுள்ளும் புகாது.

ஐரோப்பியத் தரமான இ.என் 71 இன்படி, பொம்மையின் தையல் 70 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். ஏறத்தாழ 7 கிலோகிராம் எடையைத் தொங்கவிடுவதற்கு இது ஒப்பாகும். 6 மில்லிமீட்டரைவிடப் பெரிய கண், மூக்கு போன்ற ஒட்டுறுப்புகளுக்கு 90 நியூட்டன் வேண்டப்படுகிறது. கையால் தைத்த பொத்தான் இதனைத் தாங்கும் என்று உறுதி கூற இயலாது. தொடக்கத்தில் தாங்கினாலும் உமிழ்நீரும் துவைப்பும் நூலை நலிவிக்கும். அன்றியும், குழந்தை கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் சிறு பொருளைப் பொறுக்கக் கற்பது ஏறத்தாழ ஒன்பது, பத்து மாதத்தில். பிறந்தபோது தைத்துக் கொடுத்த பொம்மையின் நூல் நைந்திருக்கும் அதே வேளையில் அதன் கண்ணைக் கிள்ளும் திறனும் வந்து சேர்கிறது.

கயிறும் நாடாவும் கழுத்தைச் சுற்றும் தீங்குடையவை. ஒன்றரை வயதுக்குட்பட்டோரின் பொம்மைகளில் உள்ள கயிறுகளுக்கும், ஊறிஞ்சியைச் சட்டையில் மாட்டும் பட்டைக்கும் ஐரோப்பியத் தரங்கள் 220 மில்லிமீட்டர் என்னும் நீள வரம்பை விதிக்கின்றன. நாடாவைப் பொம்மையின் ஓரத்தில் வைக்க விரும்பினால், இரு முனைகளும் தையலுக்குள் அகப்படுமாறு சிறு வளையமாக வைப்பது வழக்கம்.

உறக்கமும் துணிப் பொருட்களும்

வீட்டில் தைத்தோரின் அன்பும் மருத்துவ அறிவுரையும் முரண்படும் இடம் குழந்தையின் படுக்கையே. சிறு தலையணை, தொட்டில் ஓரத்தில் கட்டும் மெத்தை, தடித்த போர்வை ஆகியவை பலரும் முதலில் தைக்க விரும்புபவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992 இல் குழந்தைகளை மல்லாந்து அல்லது பக்கவாட்டில் படுக்க வைக்குமாறு பரிந்துரைத்தது. 1994 இல் இதற்கான பரப்புரை தொடங்கியது. பிற்பாடு மல்லாந்து படுக்க வைப்பது மட்டுமே ஏற்கப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் அந்நாட்டில் திடீர்க் குழந்தை இறப்புகள் பாதிக்கும் கீழாகக் குறைந்தன. உறங்கும் இடத்தில் மெத்தையும் அதன்மேல் இறுக்கமாக விரித்த துணியும் தவிர வேறெதுவும் இருக்கலாகாது என்பதே இன்றைய அறிவுரை. முகம் புதைந்தால் தலையைத் திருப்பிக்கொள்ளும் வலிமை இளங்குழந்தைக்கு இல்லை. தொட்டில் ஓர மெத்தைகளின் விற்பனை 2022 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஐக்கிய அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டது.

இந்தியாவில் தலை உருண்டையாக அமையும் என்ற நம்பிக்கையில் கடுகு நிரப்பிய சிறு தலையணை தைத்து வைக்கும் வழக்கம் உண்டு. முதல் ஆண்டில் எவ்வகைத் தலையணையும் வேண்டாம் என்பதே மேற்கூறிய அறிவுரை. ஒரே பக்கம் படுப்பதால் ஏற்படும் தட்டைமை, விழித்திருக்கும் வேளையில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கக் குழந்தையைக் குப்புறக் கிடத்தி விளையாட விடுவதாலும், உறங்கும்போது தலையின் பக்கத்தை மாற்றி வைப்பதாலும் பெரும்பாலும் குறையும். எனவே தைத்த பொம்மைகள் விழித்திருக்கும் நேரத்திற்கு உரியவை. குழந்தை உறங்கியதும் அப்புறப்படுத்தத்தக்கவை.

குழந்தைக்கும் துணிக்கும் உள்ள பிணைப்பு

1958 இல் ஆரி ஆர்லோ வெளியிட்ட ஆய்வில், தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட ரீசசுக் குரங்குக் குட்டிகள், பால் தரும் கம்பி உருவத்தைவிட டர்க்கித் துணி போர்த்திய உருவத்தையே பெரும்பொழுதும் பற்றிக்கொண்டிருந்தன. குட்டிகளுக்கு இழைக்கப்பட்ட துன்பத்திற்காக இவ்வாய்வுகள் பின்னர் கண்டிக்கப்பட்டன. பிரித்தானியக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட், குழந்தைகள் ஒரு போர்வை முனையையோ பொம்மையையோ விடாது பற்றிக்கொள்வதை ஆராய்ந்து, 1953 இல் வெளியான கட்டுரையில் அதனை இடைநிலைப் பொருள் எனப் பெயரிட்டார். அப்பொருளின் மணமும் குழந்தைக்கு முக்கியம் என்றும், அதைத் துவைப்பது அதன் தொடர்ச்சியைக் குலைக்கும் என்றும் அவர் கருதினார்.

துவைக்காமலும் இருக்க இயலாது. உமிழ்நீரும் பாலும் ஊறிய துணியில் நுண்ணுயிர்கள் பெருகும். தூசுப்பூச்சிகள் 60 பாகை செல்சியசு வெந்நீரில் துவைத்தால் மடியும். ஒரே துணியில் இரண்டு பொம்மைகள் தைத்து, இரண்டையும் தொடக்கம் முதலே மாற்றிமாற்றிக் கொடுப்பது வீட்டில் தைப்போருக்கு மட்டும் எளிதாக வாய்க்கும் வழியாகும். பொம்மை பழகிய பின் இரண்டாவதைத் தைத்தால் பெரும்பாலான குழந்தைகள் அதை ஏற்பதில்லை. துவைத்தபின் வெயிலில், இடையிடையே கசக்கிவிட்டு, நடுப்பஞ்சு வரை உலர்த்த வேண்டும். ஒவ்வொரு துவைப்பின்போதும் தையலை இழுத்துப் பார்ப்பது நல்லது.

விற்பனையும் சட்டமும்

சொந்தக் குழந்தைக்குத் தைப்பதற்குச் சட்டத் தடை ஏதும் இல்லை. விற்கத் தொடங்கும்போது நிலைமை மாறும். 2007 இல் ஈயச் சாயம் கலந்த பொம்மைகள் பெருமளவில் திரும்பப் பெறப்பட்டதை அடுத்து, ஐக்கிய அமெரிக்காவில் 2008 ஆகத்தில் நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. குழந்தைப் பொருட்கள் அனைத்தையும் வெளி ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும் என்னும் விதி, வாரத்திற்கு நான்கைந்து பொம்மைகள் தைத்து விற்போரையும் பெருந்தொழிற்சாலைகளையும் ஒரே தட்டில் வைத்தது. ஒரு பொம்மையைச் சோதிக்கும் செலவு, அவ்வகைப் பொம்மைகள் அனைத்தையும் விற்றாலும் கிடைக்காததாக இருந்தது. கைவினைஞரின் எதிர்ப்புக்குப் பின் சாதாரணத் துணிகள் ஈயச் சோதனையிலிருந்து விலக்கப்பட்டன. 2011 இல் சிறு அளவில் உற்பத்தி செய்வோருக்குச் சில சலுகைகளும் வழங்கப்பட்டன. ஆயினும் சிறு பகுதிகள் பற்றிய சோதனை அவர்களுக்கும் நீக்கப்படவில்லை.

இந்தியாவில் 2020 ஆம் ஆண்டின் பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணை 2021 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன்படிப் பொம்மைகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை கட்டாயம். கைவினைப் பொருட்கள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. விலக்கு முத்திரைக்கே உரியது. பிரிந்த தையலிலிருந்து வெளிவரும் பஞ்சுக்கு அது பொருந்தாது.